வைத்திருத்தலும் சுடுதலும்: சிங்கப்பூர்த் துப்பாக்கிச் சட்ட வரலாறு, ஒரு மறுவாசிப்பு

செம்பவாங் சாலையில் நீ சூன் முகாம், டியப் பாசறை, விமானத் தளம் என்று ராணுவ இடங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வரும். வார இறுதி தொடங்கும் மாலையில் பச்சைச் சீருடைப் பையன்கள் முதுகுப்பையோடு எம்ஆர்டி நிலையத்தை நோக்கி நடப்பார்கள். பகலில் அவர்கள் தோளில் கிடந்த சார் 21 துப்பாக்கி ரயிலில் ஏறுவதில்லை. தேசிய சேவைச் சட்டத் திருத்தம் 1967 மார்ச்சில் நிறைவேறியதிலிருந்து தலைமுறை தலைமுறையாக இத்தீவின் ஆண்பிள்ளைகள் சுடப் பழகியிருக்கிறார்கள். ஆனாலும் அடுக்குமாடி வீடுகளில் துப்பாக்கி இல்லை. சுடத் தெரிந்த சமூகம் ஒன்று சுடுகருவி இல்லாமல் வாழப் பழகியது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு எல்லாரும் அறிந்த விடை ஒன்று உண்டு. உள்துறை அமைச்சராக இருந்தபோது கா. சண்முகம் அதைத் தெளிவாக எடுத்துவைத்தார். 1973இல் ஆயுதக் குற்றச் சட்டம் கட்டாய மரண தண்டனையைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு 174ஆக இருந்த துப்பாக்கிக் கொள்ளைகள் 1974இல் 106ஆகக் குறைந்தன. அதாவது ஏறத்தாழ 39 விழுக்காடு சரிவு. பிறகு அவை தொடர்ந்து இறங்கி, அண்மைய பல ஆண்டுகளில் அறவே இல்லாமல் போயின. ஆகவே அச்சமே துப்பாக்கியை ஒழித்தது என்பது அவர் வாசிப்பு.

இந்த எண்களை நான் மறுக்கவில்லை. அவற்றின் மேல் ஏற்றப்படும் காரணத்தைத்தான் மறுக்கிறேன். இந்த வாசிப்பு சிங்கப்பூருக்குள் மட்டும் நிற்பதில்லை. அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடம் குண்டுக்கு இரையாகும்போதெல்லாம் நம் வீடுகளிலும் தேக்காவின் காப்பிக் கடைகளிலும் ‘இங்கே தூக்கு இருக்கிறது, அதனால்தான் இங்கே அது நடப்பதில்லை’ என்ற பேச்சு எழுகிறது. குழந்தைகளின் உயிரைக் காப்பது எது என்பதில் பிழையான விடையோடு நாம் நிறைவடைந்துவிடக் கூடாது.

சட்டத்தின் வாசகத்திலிருந்தே தொடங்கலாம். மரண தண்டனை விதிக்கும் பிரிவு, ஆளுக்கோ பொருளுக்கோ ஊறு செய்யும் நோக்கத்தோடு சுடுவதையும் சுட முயல்வதையும் பற்றியது. உரிமமின்றித் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு அதே சட்டத்தில் வேறு பிரிவு இருக்கிறது. அதற்குத் தண்டனை ஐந்து முதல் பத்தாண்டுச் சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும். ஒரே சட்டத்தில் இரண்டு கயிறுகள் முறுக்கப்பட்டிருக்க, இறக்கத்தின் பெருமையை ஒன்றுக்கு மட்டும் கொடுப்பது எப்படி? தவிரவும், அக்காலத்தின் பெயர்பெற்ற துப்பாக்கிக் குற்றவாளி லிம் பான் லிம் 1972 நவம்பரிலேயே காவலர்களின் குண்டுக்குப் பலியாகிவிட்டான். அப்போது இந்தச் சட்டம் பிறக்கவே இல்லை.

ஹாங்காங் ஒப்பீடும் பயன்படும். ஃபிராங்ளின் சிம்ரிங், ஜெஃப்ரி ஃபேகன், டேவிட் ஜான்சன் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு 1973இல் தொடங்கும் முப்பத்தைந்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. ஹாங்காங் 1966க்குப் பிறகு எவரையும் தூக்கிலிடவில்லை. சிங்கப்பூரோ தொண்ணூறுகளின் நடுவில் உலகிலேயே மிக அதிக விகிதத்தில் தூக்கிலிட்ட நாடுகளில் ஒன்று. இருந்தும் இரு நகரங்களின் கொலை விகிதங்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் இறங்கின. ஆனால் அவர்கள் எண்ணியது கொலைகளை. துப்பாக்கிக் கொள்ளைகளை அல்ல. ஆகவே இதை என் பக்கத்துச் சான்றாக முழுவதும் இழுத்துக்கொள்ள முடியாது. ஐயத்தைக் கிளப்பும் அளவுக்கு மட்டுமே இது உதவும்.

வலுவான சான்று கால் நூற்றாண்டு முந்தையது. அது தமிழர்களின் கதையும்கூட.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் ஒழுங்குமுறைகளின்படி, அனுமதியின்றித் துப்பாக்கியோடு பிடிபடுவதே தூக்குக்குப் போதும்; சுட்டிருக்க வேண்டியதில்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, இந்திய தேசிய ராணுவத்தில் இருந்து, பின்பு அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் அருகே கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். அதைக் காவலர்களிடம் ஒப்படைக்கவே கொண்டு சென்றார் என்று ஒரு தரப்பு இன்றும் சொல்கிறது. இந்திய அரசு தலையிட்டும் பயனில்லை. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் பாதுகாப்புப் படையினரின் குண்டுக்கு இரையானார்.

கணபதியைப் பற்றித் தமிழில் நிறைய எழுதிவிட்டார்கள். நான் நின்று பார்க்க விரும்புவது, அதே ஒழுங்குமுறைகளின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டு அவரோடு சேர்த்து உச்சரிக்கப்படும் சாம்பசிவத்தின் வழக்கு. அவர் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள்: துப்பாக்கி ஏந்தியது, தோட்டாக்கள் வைத்திருந்தது. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கு மறுவிசாரணை நடந்தது. அதில் அரசுத் தரப்பு அவர் பெயரில் ஒரு வாக்குமூலத்தை முன்வைத்தது. துப்பாக்கி, தோட்டா இரண்டும் தம்மிடம் இருந்ததாக அதில் சொல்லப்பட்டிருந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு லண்டனில் பிரிவி கவுன்சில்வரை போனது. 1950இல் மெக்டர்மட் பிரபு தந்த தீர்ப்பு தண்டனையை நீக்கியது. தோட்டா பற்றி நீதிமன்றம் ஒருமுறை ‘இல்லை’ என்று தீர்த்தபின் அந்த முடிவு அரசையும் கட்டும். வாக்குமூலத்தின் அந்தப் பாதி பொய்யென்றே கொள்ள வேண்டியது. பாதி பொய்யான வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு மறுபாதியை எடைபோடுகிறோம் என்பதை நீதிபதியோடு அமர்ந்து கருத்துரைக்கும் அசெசர்களுக்குச் சொல்லாமல் விட்டது பிழை. தீர்ப்பின் சாரம் இதுதான்.

இந்தத் தீர்ப்பைச் சட்ட நூல்கள் ஒருமுறை விடுவிக்கப்பட்டவரின் உரிமை என்ற தலைப்பில் படிக்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றமும் 1956இல் பிரீதம் சிங் வழக்கில் அதை எடுத்தாண்டது. அங்கேயும் சிக்கல் ஒரு கைத்துப்பாக்கியை வைத்திருந்தது பற்றியதே. எனக்கு அதில் தெரிவது வேறொன்று. வைத்திருத்தலுக்கே தூக்கு என்று சட்டம் சொல்லும்போது ஒரு மனிதனின் உயிர் அவன் செய்த செயலில் தொங்குவதில்லை. அவன் பையில் என்ன இருந்தது என்று பிறர் சொல்வதில் தொங்குகிறது. அவ்வளவு கடுமையான சட்டம் மலாயாக் காடுகளிலிருந்து துப்பாக்கியை விரட்டியதா? இல்லை. அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ‘அது கொள்கைப் போர், கொள்ளையரோடு ஒப்பிடலாகாது’ என்பார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும், தூக்கு தானாகவே துப்பாக்கியை அகற்றிவிடும் என்ற பொது விதிக்கு இம்மண்ணின் முதல் பெரும் சோதனையே ஒத்துவரவில்லை என்பதை ஒதுக்கிவிட முடியாது. 1973இன் சட்டம் அந்தக் கயிற்றை வைத்திருத்தலிலிருந்து சுடுதலுக்கு நகர்த்தியது. அதைத் தொடக்கம் என்று படிப்பவர்கள் இந்த நகர்வைத் தவறவிடுகிறார்கள்.

அப்படியானால் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே வைத்தது எது? என் விடை ஒரு சொல்லில் இருக்கிறது. முகாமில் துப்பாக்கிகளைப் பூட்டிவைக்கும் அறைக்குப் பையன்கள் சொல்லும் பெயர் ‘ஆர்ம்ஸ்கோட்’. சீனப் பையனும் மலாய்ப் பையனும் தமிழ்ப் பையனும் அப்படித்தான் சொல்கிறார்கள். இச்சொல்லின் பின்பாதியான ‘கோட்’ பிரிட்டிஷ் இந்தியப் படையின் வழக்கு. இந்தியில் ‘கோட்’ என்றால் அரண். அதற்கு மூலமான வடசொல்லே நம் ‘கோட்டை’யோடு உறவுடைய திராவிடச் சொல் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அது இங்கே இறங்கிய காலத்தை ஓர் ஆண்டில் நிறுத்த முடியாது. 1819இல் ராஃபிள்ஸோடு வந்த வங்கச் சிப்பாய்களுடனோ, பின்னர் காவலுக்கு வந்த சென்னைப் படையுடனோ வந்திருக்கலாம். இருபதாம் நூற்றாண்டுப் படைப்பிரிவுகள் கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். கடைசி வழியே எனக்குக் கூடுதலாகப் படுகிறது.

காரணம் 1915. அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று அலெக்சாண்ட்ரா பாசறையில் இந்தியப் படைப்பிரிவான ஐந்தாம் இலகு காலாட்படை கலகத்தில் எழுந்தது. ஹாங்காங்குக்கு அனுப்பத் தோட்டாக்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம். துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே இடத்தில் கைக்கெட்டும்படி இருந்த அந்த வேளையே கலகத்தின் வாசலாயிற்று. பின்னர் 47 பேர் அவுட்ரம் சிறைச் சுவரோரம் ஊரார் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். இங்கிருந்த இந்தியர் அனைவரும் தம்மைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்ற ஆணை வந்து, நம்மவரைப் புண்படுத்தியது. அதிகாரம் ஆயுதத்தை மட்டுமல்லாமல் ஆளையும் எண்ணத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1913இல், ஆயுத வெடிபொருள் அவசரச் சட்டம் உரிமமில்லாத வைத்திருத்தலைத் தடுத்திருந்தது. எண்ணிப் பூட்டும் இந்தப் பழக்கம் 1973இன் தூக்குக்கு அறுபது ஆண்டு மூத்தது.

செம்பவாங்கின் பையன்கள் இதை உடம்பால் அறிவார்கள். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு துப்பாக்கியும் எண்ணப்படும். ஒரு சிறு உறுப்பு குறைந்தாலும் அது கிடைக்கும்வரை மொத்தப் படையும் புல்வெளியில் குனிந்து தேடும். அந்த மாலையில் தூக்கு எவர் நினைவிலும் இல்லை. கணக்கு நேராக வேண்டும் என்பதே நினைவு. பிரிட்டனும் இதே பாதையில்தான் போனது. 1996 மார்ச்சில் டன்பிளேன் தொடக்கப்பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டபின், தூக்கைக் கைவிட்டிருந்த அந்நாடு 1997இல் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையே தடைசெய்தது. பிறகு அங்கே அப்படியொரு பள்ளிக்கூடக் கொலை நடக்கவில்லை. 2022இல் டெக்சஸின் யூவல்டியில் 19 குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் இறந்தார்கள். அண்மைப் பத்தாண்டுகளில் மரண தண்டனையை மிக அதிகம் நிறைவேற்றியிருக்கும் அமெரிக்க மாநிலம் டெக்சஸ். கொன்றவன் வயது 18. துப்பாக்கியைக் கடையில் சட்டப்படி வாங்கியிருந்தான்.

2021 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வைத்திருத்தலின் எல்லையைத்தான் விரித்தது. முப்பரிமாண அச்சில் துப்பாக்கி செய்ய உதவும் மின்வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதும் இனிக் குற்றம்.

அதே ஆண்டு ஜூலை 19 அன்று ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில் 13 வயது மாணவன் ஒருவன் கொல்லப்பட்டான். கொன்றவனுக்கு வயது 16. கையில் இருந்தது இணையத்தில் வாங்கிய கோடரி. இறந்தது ஒரே பிள்ளை என்பதற்குக் கோட் ஒரு காரணம் என்றே நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் சொல்லக்கூடிய வாதம் அல்ல அது. ஜூலை 27 அன்று நாடாளுமன்றத்தில் கல்வி அமைச்சர் சான் சுன் சிங் பேசியது பெரும்பாலும் ஆயுதத்தைப் பற்றி அல்ல. தேர்வுச் சுமையைப் பற்றியும், பள்ளிகளில் 700ஆக இருந்த ஆலோசக ஆசிரியர்களை ஆயிரத்துக்கும் மேலாக உயர்த்துவது பற்றியும் பேசினார். பூட்டிவைக்க முடிந்ததைப் பூட்டியபின் எஞ்சிய பிள்ளையின் மனத்தை நோக்கி அந்த விவாதம் திரும்பியது.