ஓவியர் ஜேக்கப் லாரன்ஸும் நம் பிள்ளைகளும்

நம் சங்கத்தின் மாலை வகுப்பில் ஒருநாள் பிள்ளைகளிடம், ‘உங்கள் தெருவை வரையுங்கள்’ என்று கூறினோம். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே எழும் கதிரவன், ஓர் ஆறு, ஓட்டு வீடு, தென்னை மரம் என்றே ஏறத்தாழ எல்லோரும் வரைந்து தந்தனர். நம் தெருவில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. குழாயடியில் வரிசையாக நிற்கும் குடங்களையும், விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாய்மாரையும் ஏன் வரையவில்லை என்று வினவினோம். ‘அதையெல்லாம் வரையலாமா?’ என்று ஒரு சிறுமி திருப்பிக் கேட்டாள். அவ்வினாவிற்கு விடையாகவே, அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸின் வாழ்வை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினோம். அவ்வரலாற்றை இம்மலரின் வாயிலாக இளைஞர்க்கும் உறுப்பினர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

லாரன்ஸ் 1917ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்து அட்லாண்டிக் நகரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் தென்மாநிலங்களை விட்டு வடக்கே பிழைப்புத் தேடி வந்தவர்கள். முதல் உலகப் போரினால் ஐரோப்பியத் தொழிலாளரின் வருகை குறைய, வடக்கின் ஆலைகள் ஆள் தேடின. தெற்கிலோ பருத்தியை வண்டு அழித்தது. குத்தகை உழவரைக் கடன் அழுத்தியது. கறுப்பின மக்களை விசாரணையின்றிக் கும்பலாகச் சேர்ந்து தூக்கிலிடும் கொடுமை நிலவியது. 1970 வரையிலான அரை நூற்றாண்டில் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் தெற்கை விட்டு வெளியேறினர். அவர்களுள் பலர் குடியேறிய இடம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியாகும். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம் அதனை அடுத்தே அமைந்துள்ளது என்பதை நம் இளைஞர்கள் நினைவில் கொள்ளல் வேண்டும்.

லாரன்ஸின் தாயார் வீட்டு வேலை செய்து பிள்ளைகளைக் காத்தவர். 1930இல் ஹார்லெத்திற்கு வந்த 13 வயதுச் சிறுவன் தெருவில் திரிந்து கெட்டுவிடலாகாது என்று அஞ்சி, பள்ளி நேரத்திற்குப் பின் நடந்த ஒரு சிறுவர் நிலையத்தில் அவரைச் சேர்த்தார். அங்குக் கலை கற்பித்தவர் சார்லஸ் ஆல்ஸ்டன் என்னும் இளம் ஓவியர். இதைப் பார்த்து வரை என்று அவர் கட்டளையிடவில்லை. வண்ணங்களைக் கொடுத்துச் சிறுவனின் போக்கிலேயே விட்டார். வீட்டுத் தரைவிரிப்புகளின் கோலங்களைக் கண்ட சிறுவன் அவ்வாறே கட்டங்களும் முக்கோணங்களும் தீட்டினான். பின்னர் அட்டைப் பெட்டிகளின் உட்புறத்தில் ஹார்லெம் தெருக்களை மேடைக் காட்சிபோல் அமைத்தான். பெரும் ஓவியர் ஒருவரின் முதற்படி, தூக்கி எறியப்படும் அட்டைப் பெட்டியில் இருந்தது!

வறுமையால் லாரன்ஸ் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, சலவையகத்திலும் அச்சகத்திலும் வேலை செய்தார். அக்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தவர் அகஸ்டா சாவேஜ் என்னும் சிற்பி. 1923இல் பிரான்சு நாட்டின் கோடைக் கலைப்பள்ளி ஒன்றில் பயிலும் வாய்ப்பு, நிறத்தின் காரணமாக இவ்வம்மையாருக்கு மறுக்கப்பட்டது. தமக்கு மூடப்பட்ட கதவைத் தம் மக்களுக்குத் திறப்பதற்காக அவர் ஹார்லெத்திலேயே கலைக்கூடம் நடத்தினார். அரசின் ஓவியர் உதவித் திட்டத்தில் லாரன்ஸைச் சேர்க்க அவர் முதன்முறை அழைத்துச் சென்றபோது, 21 வயது நிரம்பவில்லை எனத் திருப்பி அனுப்பினர். அம்மையார் மறவாமல் மறு ஆண்டும் அழைத்துச் சென்று அவரைச் சேர்த்துவிட்டார்.

பள்ளிப் பாடத்தில் காணாத தம் இன வரலாற்றை லாரன்ஸ் ஹார்லெம் நூலகத்தில் படித்தறிந்தார். எய்ட்டி நாட்டு விடுதலை வீரர் தூசேன் லூவர்த்தூரின் வாழ்வை ஒரே படத்தில் அடக்க இயலாதெனக் கண்டு 41 படங்களாகத் தீட்டினார். அடிமைத்தளையை அறுத்த பிரடெரிக் டக்ளஸ், ஹாரியட் டப்மன் ஆகியோர் வரலாறுகளையும் அவ்வாறே வரைந்தார். 1940, 1941ஆம் ஆண்டுகளில், தம் 23ஆம் வயதில், பெற்றோர் மேற்கொண்ட அந்த இடப்பெயர்வையே 60 படங்களாக்கினார். முதலில் ஒவ்வொரு படத்திற்கும் எளிய விளக்கவுரை எழுதினார். பின்பு 60 பலகைகளையும் பரப்பி வைத்து, ஒரு வண்ணத்தை எடுத்தால் அதனை எல்லாப் பலகைகளிலும் தீட்டி முடித்த பின்னரே அடுத்த வண்ணத்தைத் தொட்டார். ஆகவேதான் 60 படங்களும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல் தோன்றுகின்றன. இன்று அவற்றுள் இரட்டைப்படை எண்ணுடையவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும், ஒற்றைப்படை எண்ணுடையவை வாஷிங்டன் நகரின் பிலிப்ஸ் கலைக்கூடத்திலும் உள்ளன. லாரன்ஸ் 1971இல் சியாட்டில் நகரில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

இவ்வரலாற்றைச் சொன்ன பின் மூன்று பயிற்சிகளை வகுப்பில் நடத்தினோம். விரும்பும் எவரும் இவற்றைச் செய்யலாம். செலவு மிகக் குறைவு.

முதலாவது, பெட்டித் தெரு. செருப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, உள்ளே தம் தெருவைப் பிள்ளைகள் அமைத்தனர். குழாயடி, தேநீர்க்கடை, சங்கத்தின் பெயர்ப்பலகை யாவும் அதில் இடம்பெற்றன. இரண்டாவது, வெட்டி ஒட்டுதல். நான்கே வண்ணக் காகிதங்களும் மாவுப் பசையும் தந்து, கண் மூக்கு வரையாமல் உடலின் வளைவாலேயே சுமப்பவர், நடப்பவர், காத்திருப்பவர் ஆகியோரைக் காட்டச் செய்தோம். மூன்றாவது, வரிசைப் படம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு மூத்தோரிடம் ஒரு செய்தி கேட்டு வந்து, அதை ஒரே வாக்கியமாக எழுதி, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் படமாக வரைய வேண்டும். வண்ணங்களைப் பொதுக் கிண்ணங்களில் கலந்து வைத்தோம். முதல் வண்ணத்தை எல்லோரும் தீட்டிய பின்னரே இரண்டாம் கிண்ணம் வந்தது.

கோலார் தங்கவயலுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கும் மூட்டையுடன் சென்ற முன்னோர் அத்தாள்களில் எழுந்து வந்தனர். ஒரு சிறுவன், தன் தாத்தாவுக்குத் தேநீர்க்கடையில் வைத்திருந்த தனிக்குவளையை வரைந்தான். இதனைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று உறுப்பினர் சிலர் வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானதே. லாரன்ஸ் தூக்குக் கொடுமையை வரைந்த படத்தில் உயிரற்ற உடலைக் காட்டவில்லை. வெறுங்கிளை, அதில் தொங்கும் வெறுங்கயிறு, கீழே குனிந்தமர்ந்த ஓர் உருவம், இவ்வளவே. மெய்யை மறைக்கவுமில்லை; தம் மக்களின் மாண்பைக் குறைக்கவுமில்லை. வடக்கிலும் உணவகத்தில் நிறத்தால் மக்களைப் பிரித்ததை அவர் வரைந்தார். கரும்பலகையில் எண்கள் எழுதும் மூன்று சிறுமியரையும் வரைந்தார். சிறுவனின் படத்திலும் குவளையை ஏந்திய தாத்தா நிமிர்ந்தே நின்றார். அப்படத்தை வரிசையிலிருந்து நாம் எடுக்கவில்லை.

இளைஞர்களே! நம் முன்னோரின் வரலாறு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. மூத்தோரின் நினைவிலேயே தங்கியுள்ளது. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும். வாரம் ஒரு மாலைப் பொழுதை மாலை வகுப்புக்குத் தாருங்கள். ஆல்ஸ்டன் போல் வண்ணத்தைக் கொடுத்து ஒதுங்கி நில்லுங்கள். சாவேஜ் அம்மையார் போல் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையை மறு ஆண்டும் அழைத்துச் செல்லுங்கள். ‘வரையலாமா?’ என்று கேட்ட சிறுமி, தன் பாட்டியின் தகரப்பெட்டியை வரைந்து முடித்துவிட்டாள். அப்படம் சங்கக் கட்டடத்தின் சுவரில் தொங்குகிறது. அதனருகே இன்னும் நிரம்ப இடம் இருக்கிறது.