வெள்ளியும் அதன் விலையும்

பண்டு பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரையினின்று கொங்கு நாட்டுக்கு வணிகச் சாத்துகள் வந்தன. கோயம்புத்தூர் வட்டாரத்தில் கிடைத்த உரோமானிய வெள்ளிக் காசுகளுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. கி.பி. 64-இல் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தபின், அவற்றின் வரவு அருகியது. நம் வணிகர் காசின் முகத்தையன்று, உள்ளிருந்த வெள்ளியையே மதித்தனர் என்பர் அறிஞர்.

ஆயினும் தூய வெள்ளிக்கும் விலை நிலையன்று. உலகச் சந்தையில் 1980 சனவரியில் அவுன்சு 50 டாலரை ஒட்டி உயர்ந்த வெள்ளி, மார்ச்சு 27-இல் 11 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. அவ்வுச்சத்தைத் தெளிவாகக் கடக்க 2025 ஆயிற்று. ஆதலின், அயல் மாநிலங்களில் உழைத்துச் சேர்க்கும் நாம், விலை ஏறுகின்றதே என்று விரையாமல், குடும்பச் செலவுக்குரியதை ஒதுக்கியபின், நெடிது காத்திருக்க இயன்ற அளவே வெள்ளி வாங்குதல் நன்று.