காட்டுக்கு ஈடாக ஒரு வாக்குறுதி

பண்டமாற்று என்றதும் நெல்லும் உப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்க வரிச்சட்டத்தில் அது 1921 முதல் உயிரோடிருக்கிறது. முதலீட்டு நிலத்தைக் கொடுத்து நிலமே பெற்றால் மூலதன ஆதாய வரி தள்ளிப்போகும். பழைய அடக்கவிலை புதிய நிலத்தின்மீது ஏறிக்கொள்ளும்.

1967இல் ஒரேகான் மாநிலத்தின் முன்னாள் வனவியல் பேராசிரியர் டி.ஜே. ஸ்டார்க்கரும் அவர் மகனும் மருமகளும் 1,843 ஏக்கர் காட்டை கிரவுன் ஜெல்லர்பாக் காகித நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தனர். கைக்கு வந்தது நிலமன்று, வாக்குறுதி: ஐந்தாண்டுக்குள் அவர்கள் சுட்டும் நிலங்களை நிறுவனம் வாங்கித் தரும், எஞ்சியதற்குப் பணம். காத்திருப்புக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு 'வளர்ச்சி' வேறு! மரம் வளர்வதற்கு ஈடாம்.

இது விற்பனையே என்றது வரித்துறை. 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் ஸ்டார்க்கர் பக்கம் நின்றது. அந்த 6 விழுக்காட்டை மட்டும் வட்டியென்று கண்டுகொண்டது. மாற்று என்ற சொல்லை இவ்வளவு இழுக்கலாமா என்று நமக்கு இன்றும் ஐயமே.

1984இல் காங்கிரஸ் கெடு விதித்தது: 45 நாளில் நிலத்தைக் குறிக்கவேண்டும், 180 நாளுக்குள் பெறவேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் சலுகையை அசையாச் சொத்தோடு நிறுத்தியது. ஆனால் உரிமையாளர் இறந்தால், அன்றைய சந்தை விலையே வாரிசின் அடக்கவிலை. சாகும்வரை மாற்றிக்கொண்டே சென்றவரின் ஆதாயத்துக்கு அந்த வரி விழுவதேயில்லை.