நைஜர் உழவர்களின் வேளாண்காடுகள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரின் தென்பகுதியில், 1980களுக்குப் பின் சிறு உழவர்கள் தங்கள் வயல்களிலேயே மரங்களை மீண்டும் வளர்த்தெடுத்தனர். இம்முறை 'உழவர் பேணும் இயற்கை மறுவளர்ப்பு' எனப்படுகிறது. நாற்று நடாமல், வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து எழும் துளிர்களைக் காப்பதே இதன் அடிப்படை.

பின்னணி

நைஜர், சகாராப் பாலைவனத்தின் தெற்கு விளிம்பான சாகேல் நிலப்பகுதியில் உள்ளது. கம்பு, சோளம், காராமணி ஆகியவை இங்கு மானாவாரியாகப் பயிராகின்றன. நைஜர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1935இல் வந்த வன ஆணை மரங்களின் மீது அரசின் பிடியை இறுக்கியது. 1960இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் அப்போக்கு தொடர்ந்தது. தன் வயலில் நின்ற மரத்தை வெட்டினாலும் உழவர் தண்டம் கட்ட நேரிடும். தனக்கு உரிமையில்லாத மரத்தைப் பேண அவருக்குக் காரணம் இல்லை. துளிர்களை ஆண்டுதோறும் களையாக வெட்டி நிலத்தைத் துப்புரவாக்குவதே நல்ல வேளாண்மை என்றும் கற்பிக்கப்பட்டது.

இதனால் வயல்கள் வெட்டவெளியாயின. காற்றில் வந்த மணல் இளம்பயிரை மூடியதால் உழவர்கள் ஒரே பருவத்தில் பலமுறை விதைக்க நேர்ந்தது. விறகு தேடிப் பெண்கள் நெடுந்தொலைவு நடந்தனர்.

தொடக்கம்

ஆத்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ, 1980களின் தொடக்கத்தில் மராடி வட்டாரத்தில் மரம் நடும் பணியில் இருந்தார். நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983இல், தரிசில் புதர்போல் தெரிந்தவை உண்மையில் வெட்டுண்ட மரங்களின் துளிர்கள் என்பதைக் கண்டார். மண்ணுக்கடியில் வேர்கள் உயிரோடு இருந்தன. 1984ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, வேலைக்கு உணவு வழங்கும் திட்டத்தின் வழியாக இம்முறை பல ஊர்களுக்குச் சென்றது. பஞ்சம் நீங்கியதும் பலர் மரங்களை மீண்டும் வெட்டினர். எனினும் பயனைக் கண்ட சிலர் தொடர்ந்தனர். மரத்தைப் பேணுபவரே அதன் பயனைப் பெறலாம் என உள்ளூர் வன அலுவலர்கள் கெடுபிடியைத் தளர்த்தியது அவர்களுக்குத் துணிவு தந்தது.

உழவர்களும் தாமாகவே இதைக் கண்டறிந்தனர். டான் சாகா என்னும் ஊரில், வெளியூர் வேலைக்குச் சென்று தாமதமாகத் திரும்பியவர்கள் நிலத்தைத் துப்புரவாக்காமலே விதைத்தனர். அவர்களுக்கு மற்றவர்களைவிட விளைச்சல் நன்றாக இருந்தது.

செய்முறை

உழவர் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் வலுவான சில துளிர்களை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழிப்பார். பின்னர் ஆண்டுதோறும் பக்கக் கிளைகளை நறுக்குவார். நறுக்கியவை விறகாகும், இலைகள் மண்ணுக்கு எருவாகும். ஹவுசா மொழியில் 'காவோ' எனப்படும் மரம் உழவர்களால் பெரிதும் விரும்பப்படுகிறது. இது மழைக்காலத்தில் இலையுதிர்ப்பதால் பயிருக்கு நிழல் மறைப்பு இல்லை. வேர்கள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. காய்கள் கோடையில் கால்நடைத் தீவனமாகின்றன.

பரவலும் விளைவும்

வானிலிருந்து எடுக்கப்பட்ட பழைய படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஏறத்தாழ 50 லட்சம் எக்டேர் நிலத்தில் 20 கோடி மரங்கள் பெருகியுள்ளன என மதிப்பிட்டுள்ளனர். 2005இல் உணவு நெருக்கடி ஏற்பட்டபோது, மரங்கள் இருந்த ஊர்களில் குடும்பங்கள் விறகை விற்றுத் தானியம் வாங்க முடிந்தது. ரினாடோவுக்கு 2018இல் 'ரைட் லைவ்லிஹுட்' விருது வழங்கப்பட்டது. 2020இல் நைஜர் அரசு இம்முறைக்கு ஆணை வழியாகச் சட்ட ஏற்பு அளித்தது.

சிக்கல்கள் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. மரத்திருட்டும், மேய்ப்பர்களுக்கும் உழவர்களுக்கும் இடையிலான பூசலும் உள்ளன. மரம் இருப்பதால் வறட்சி வராமல் போவதுமில்லை. ஆனால் விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் ஒரு குடும்பத்துக்கு விற்க விறகும் ஆடுமாடுகளுக்குத் தீவனமும் மிஞ்சுகின்றன. இவ்வேர்கள் முன்பும் மண்ணுக்கடியில் இருந்தவையே. மரத்தின் பயன் பேணுபவருக்கே சேரும் என்ற நம்பிக்கை வந்த பிறகே அவை மரங்களாக எழுந்தன.