ஹலபு நகரின் விதை அமானிதம்

கோதுமை, பார்லி, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றை மனிதன் முதன்முதலில் பயிரிட்ட நிலப்பரப்பில் ஷாமும் இராக்கும் அடங்கும். சுமார் 10,000 ஆண்டுகளாக அங்குள்ள உழவர், தத்தம் வயலில் வறட்சியைத் தாங்கி விளைந்த கதிர்களிலிருந்தே மறு விதைப்புக்கான மணிகளை ஒதுக்கி வந்தனர். இவ்வாறு ஊருக்கு ஊர் நாட்டு ரகங்கள் உருவாயின. குன்றுச் சரிவுகளிலோ அப்பயிர்களின் காட்டு இனங்கள் எவருடைய பராமரிப்புமின்றி வளர்ந்தன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயர் விளைச்சல் ரகங்கள் பரவியபோது இச்செல்வம் அருகத் தொடங்கியது. அதனைத் திரட்டிக் காக்கும் பணியில் ஈடுபட்டது, 1977இல் நிறுவப்பெற்ற ‘இக்கார்டா’ என்னும் வறண்ட நிலங்களுக்கான பன்னாட்டு வேளாண் ஆய்வு மையம். ஹலபுக்குத் தெற்கே தல் ஹத்யாவில் இருந்த அதன் விதை வங்கியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. 2003ஆம் ஆண்டுப் போரில் இராக்கின் அபூ குறைப் விதை வங்கி சூறையாடப்பட்டது. ஆயினும் அதன் விதைகளுள் ஒரு பகுதி முன்னரே ஹலபுக்கு அனுப்பப்பட்டிருந்ததால் பிழைத்தது.

பின்னர் ஹலபுக்கே சோதனை வந்தது. 2011இல் மூண்ட உள்நாட்டுப் போரால் ஆய்வாளர்கள் தல் ஹத்யாவை விட்டு வெளியேற நேர்ந்தது. நல்வாய்ப்பாக, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட பெட்டகத்துக்கு 2008 முதலே விதைகளின் இணை மாதிரிகளை அனுப்பிவந்தனர். ஒப்படைத்தவரே அங்குள்ள பெட்டிகளுக்கு உரியவர். பிறர் அவற்றைத் திறக்கலாகாது. அமானிதத்தின் இலக்கணமும் இதுவேயன்றோ! 2015இல் இக்கார்டா ஏறத்தாழ 38,000 மாதிரிகளைத் திரும்பப் பெற்றது. அப்பெட்டகத்திலிருந்து விதைகள் எடுக்கப்பட்டது அதுவே முதன்முறை.

பொன்னைப் போல் விதையைப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. கடுங்குளிரிலும் அதன் முளைப்புத் திறன் மெல்லக் குறையும். உரிய காலத்தில் விதைத்துப் புது மணி எடுத்தாக வேண்டும். ஆகவே அவ்விதைகள் லெபனானின் பிகா பள்ளத்தாக்கிலும் மொராக்கோவிலும் விதைக்கப்பட்டன. 2017இல் அவற்றின் புது மணிகள் ஸ்வால்பார்டுக்குத் திரும்பின.

இவ்வுழைப்பின் பயனை மொராக்கோவில் காணலாம். சிரியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்புல் ஒன்றையும் பயிர்க் கோதுமையையும் கலந்து, வறட்சியைத் தாங்கும் ரகம் ஒன்றை இக்கார்டா அங்கே உருவாக்கியது. மலை எனப் பொருள்படும் ‘ஜபல்’ என்பது அதன் பெயர். களையென எவரேனும் பிடுங்கி எறிந்திருக்கக்கூடிய ஒரு புல்லின் வம்சம் அது!