அச்சமும் உடற்குறிகளும்: மெய்ப்பாட்டியலும் பதற்ற நோயின் வரலாறும்

முன்னுரை

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்த கடற்கரை ஊர் பொழியூர். அதனை அடுத்துள்ள நீரோடி தமிழ்நாட்டைச் சார்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று வகுக்கப்பட்ட மாநில எல்லை இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே செல்கிறது; வழங்குமொழி அவ்வாறு பிரிந்துவிடவில்லை. மனக்கலக்கத்தைச் சொல்ல வருபவர் தமிழில் ‘நெஞ்சு படபடக்கிறது’ என்பர். மலையாளத்தில் ‘நெஞ்சிடிப்பு’ என்பர். இரண்டிலும் உள்ளத்து நிலைக்கு உடலே சொல்லாகிறது. இவ்வாறு சொல்பவரின் இதயத்தைச் சோதித்துக் குறையேதும் காணாதபோது, ‘உமக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுதல் எங்கும் உண்டு. ஒன்றுமில்லையாயின் படபடப்பது எது? இவ்வினாவைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடும் மருத்துவ வரலாற்றோடும் ஒப்பவைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்ப்பாட்டியலில் அச்சம்

தொல்காப்பியர் நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பார். அச்சத்திற்கு அவர் காட்டும் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. இந்நான்கும் அஞ்சுபவருக்குப் புறத்தே உள்ளவை. உள்ளத்தில் நிகழ்வது புறத்தார்க்குப் புலப்படுமாறு வெளிப்படுதலே மெய்ப்பாடு எனப் பேராசிரியர் விளக்குவார். எனவே இங்கு உடல் பிறர் படிக்கும் ஏடாக நிற்கிறது.

எட்டையும் கூறிய பின்னர், அவற்றுள் அடங்காதவிடத்து இவையும் மெய்ப்பாடாகும் எனத் தொல்காப்பியர் மேலும் முப்பத்திரண்டனைத் தொகுக்கிறார். அத்தொகுதியில் வெரூஉதல், உயிர்ப்பு, வியர்த்தல், ஐயம், நடுக்கு ஆகியன இடம்பெறுகின்றன. வியர்வையும் நடுக்கமும் அச்சத்தின் குறிகளாக யாவரும் அறிந்தவை. ஆயினும் அவற்றை அச்சத்தின் துணைக்குறிகளாக மட்டும் கொள்ளாது, தனித்தும் எண்ணத்தக்கவையாக நூல் வைத்திருப்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மருத்துவ வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) ஈடுபட்ட வீரர் பலர் படபடப்பும் மூச்சுத்திணறலும் உற்றனர். இந்நிலையை ஆராய்ந்த ஜேக்கப் டா கோஸ்டா 1871-இல் இதனை இதயக் கோளாறாகவே விவரித்தார். 1895-இல் ஃபிராய்டு இத்தகைய குறிகளைப் பதற்ற நரம்புநோய் என்ற தனிப்பிரிவில் அடக்கினார். குறி ஒன்றே, முன்னவரால் இதயக் கோளாறாகவும் பின்னவரால் நரம்புநோயாகவும் கொள்ளப்பட்டது.

இதற்கிடையில் 1884-இல் வில்லியம் ஜேம்ஸ், அஞ்சுவதால் நடுங்குகிறோம் என்னும் பொதுக்கருத்தைத் தலைகீழாக்கி, நடுங்குவதை உணர்தலே அச்சம் என்றார். 1906-இல் ஷெரிங்டன் உடலின் உள்ளிருந்து எழும் உணர்வுகளைத் தனிவகையாகப் பிரித்துப் பெயரிட்டார். 1927-இல் வால்டர் கேனன், உள்ளுறுப்பு மாற்றங்கள் வெவ்வேறு உணர்ச்சிகளிலும் ஒத்திருப்பதால் அவை மட்டும் உணர்ச்சியை வேறுபடுத்த இயலாது என மறுத்தார். 1986-இல் டேவிட் கிளார்க் முன்வைத்த விளக்கத்தின்படி, திடீர்ப் பீதிக்கு ஆட்படுபவர் தம் இதயத்துடிப்பை இறப்பின் அறிகுறியாகப் பிழைபடக் கொள்கிறார். அதனால் துடிப்பு மிகுகிறது. அம்மிகுதி அச்சத்தை மேலும் பெருக்குகிறது. இங்கு அஞ்சுபவரின் உடலே அச்சத்தின் களனாகிவிடுகிறது. தொல்காப்பியர் கூறிய நான்கனுள் இது இல்லை.

மூளையும் உடற்செய்தியும்

இதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றின் செய்திகள் நரம்புகளின் வழியே மூளையின் இன்சுலா என்னும் பகுதியை அடைகின்றன. மூளை அவற்றை வாளா ஏற்பதில்லை. தான் எதிர்பார்த்த நிலையோடு ஒப்பிடுகிறது. பதற்ற நோயில் இவ்வெதிர்பார்ப்புக்கும் உண்மையான உடல்நிலைக்கும் இடையே பொருத்தம் குலைகிறது என பாலசும் ஸ்டைனும் 2006-இல் கருதினர். பதற்றமுடையோர் தம் இதயத்துடிப்பைப் பிறரினும் துல்லியமாக உணர்வர் என்னும் கருத்தைப் பிந்தைய ஆய்வுகள் ஒருமுகமாக உறுதிசெய்யவில்லை. மிகுதியாகக் கவனித்தல் வேறு, சரியாக அறிதல் வேறு என்பது இதனால் பெறப்படும்.

2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் இதயத்துடிப்பை ஒளியின் வாயிலாக விரைவுபடுத்தினர். எலிகளிடம் பதற்ற நடத்தை மிகுந்தது. ஆனால் இடர் தோன்றும் சூழலில் மட்டுமே மிகுந்தது. இன்சுலாவின் செயலைத் தடுத்தபோது அது தணிந்தது. குறியும் களனும் கூடியவழியே பதற்றம் பிறந்தது என்பதால், ஜேம்ஸ், கேனன் இருவர் கருத்திலும் ஒவ்வொரு பகுதி நிலைபெறுகிறது எனலாம்.

முடிவுரை

தொல்காப்பியர் இன்றைய நரம்பியலை முன்னரே அறிந்தார் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு உரியது. பிறர் காணும் உடலைப் பற்றியது. பதற்ற நோயோ ஒருவர் தம்முள்ளே தாமே கேட்கும் உடலைப் பற்றியது. எனினும் களன் புலப்படாத இடத்தும் குறியைக் குறியாகவே ஏற்கும் முறை அந்நூலில் உண்டு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் மீனவர் பலர் கடலில் மாண்டனர். அத்தகைய காற்றைக் கண்டவர்க்கு, பின்னொரு நாள் வெறும் காற்றொலி கேட்டாலும் நெஞ்சு படபடக்கக்கூடும். களன் நீங்கியது; குறி நீங்கவில்லை. இதயத்தை முதலில் சோதித்தல் இன்றியமையாதது. அதில் குறையில்லை எனத் தெளிந்த பின்னர் அவருக்குச் சொல்லவேண்டியது ‘ஒன்றுமில்லை’ என்பதன்று. படபடப்பு மெய், அதற்கு மூளை காணும் பொருளே பிழை, அப்பிழை மருத்துவத்தால் திருத்தத்தக்கது என்பதாம்.