பினாங்கு மருத்துவரும் ஒரு துண்டு மென்துணியும்



மருத்துவமனையில் முகக்கவசம் அணிந்த தாதியரைக் காண்பது நமக்குப் பழகிப்போன காட்சி. பிறரைக் காக்க வருபவர் முதலில் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்னும் இந்த நெறி வேரூன்றிய வரலாற்றில், நம் பினாங்கு மண்ணில் பிறந்த ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. அவர் பெயர் வூ லியென் தே.

1879இல் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்த அவர், பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்றார். உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றார். பின்னர் சீனாவில் இராணுவ மருத்துவக் கல்லூரியொன்றில் பணியேற்றார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவைக் கொள்ளைநோய் சூழ்ந்தது. டிசம்பரில் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 31. இறந்த பெண் ஒருவரின் உடலைக் கூறாய்ந்து, இது நுரையீரலைத் தாக்கும் பிளேக் என்று உறுதிப்படுத்தினார். எலிகளாலன்று, மனிதரின் மூச்சு வழியாகவே இந்நோய் பரவுகிறது என்றார். மென்துணி மடிப்புகளுக்கிடையே பஞ்சு வைத்துத் தைத்த எளிய முகக்கவசத்தை மருத்துவர், தாதியர், பிணம் சுமப்போர் அனைவரும் அணியவேண்டும் என வற்புறுத்தினார்.

மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்டு மெஸ்னி இதனை ஏற்கவில்லை. எலிகளே காரணம் என்று நம்பிய அவர், இளைஞர் ஒருவரின் சொல்லுக்குச் செவிசாய்க்க மறுத்தார். முகக்கவசமின்றியே நோயாளிகளைச் சோதித்தார். சில நாள்களில் அந்நோய்க்கே பலியானார். 1911 சனவரியில் நிகழ்ந்த அம்மரணம் ஊரையே உலுக்கியது. அதன்பின் முகக்கவசத்தை எவரும் எள்ளி நகையாடவில்லை.

நோயாளிகளோடு பழகியோர் இரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தப்பட்டனர். உறைந்த நிலத்தில் புதைக்க இயலாமல் குவிந்து கிடந்த பிணங்கள், பேரரசின் அனுமதியுடன் எரியூட்டப்பட்டன. மார்ச் மாதத்திற்குள் ஹார்பினில் நோய் ஓய்ந்தது. எனினும், மஞ்சூரியா முழுவதும் ஏறத்தாழ 60,000 உயிர்கள் பறிபோயிருந்தன. பிற்காலத்தில் தாயகம் திரும்பிய வூ லியென் தே, 1960இல் பினாங்கிலேயே மறைந்தார்.

இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் வகுப்பறை நினைவுக்கு வரும். கோவிட் காலத்தில் பள்ளி மீண்டும் திறந்திருந்த வேளை. மாணவன் ஒருவனைப் பார்த்து, "முகக்கவசத்தை ஒழுங்காகப் போடு" என்று கடிந்துகொண்டேன். அருகிலிருந்த சிறுமி மெல்ல, "ஐயா, உங்களுடையது தாடைக்குக் கீழே இருக்கிறது" என்றாள். வகுப்பே அமைதியானது. ஒரு கணம் எனக்குச் சினம் வந்தது உண்மை. பிறகு, "நன்றி அம்மா" என்று சொல்லிச் சரிசெய்துகொண்டேன்.

மெஸ்னி கல்லாதவர் அல்லர்; கோழையும் அல்லர். நோயாளிகளுக்கு உதவவே அவ்வளவு தொலைவு சென்றார். தம்மினும் இளையவர் சொன்ன உண்மையை ஏற்கத்தான் அவரால் இயலவில்லை. கைகழுவவும் முகம் மூடவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், அவர்கள் நம்மைத் திருத்தும்போது செவிகொடுக்கிறோமா? சிந்திப்போம்.